தண்ணீர் வடிந்த பிறகுதான் ஆள் தேவை: வெள்ளத்தில் பாதிக்கப்பட்டோருக்குச் சாதாரண மக்கள் செய்யக்கூடியவை

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. முந்தின நாளிலிருந்து விடாமல் பெய்த மழையில் சிலாங்கூர் மாநிலத்தின் ஆறுகள் கரை மீறின. ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் தரை வீடுகள் நீரில் மூழ்க, குடியிருப்பாளர்கள் மேல்மாடிகளிலும் கூரைகளிலும் ஏறி உதவிக்குக் காத்திருந்தனர். கிள்ளானிலும் உலு லங்காட்டிலும் அதே நிலைதான். பல இடங்களில் அரசாங்கப் படகுகள் வந்து சேர்வதற்கு முன்பே சொந்தமாகப் படகோ கயாக்கோ வைத்திருந்தவர்கள் நீரில் இறங்கிவிட்டனர். பெட்டாலிங் ஜெயா குருத்வாராவில் தன்னார்வலர்கள் இரவு பகலாகச் சமைத்து உணவுப் பொட்டலங்களை அனுப்பினர். இனம், மதம் பார்க்காமல் மலேசியர்கள் திரண்ட அந்த நாள்களை இன்றும் பலர் பெருமையுடன் நினைவுகூர்கின்றனர்.

ஆனால், செய்திகளிலும் சமூக ஊடகங்களிலும் அதிகம் இடம்பெற்றவை அந்த முதல் சில நாள்கள் மட்டுமே. நீர் வடிந்த பின்னர் வீடு திரும்பியவர்களுக்குக் கதவைத் திறந்ததும் கிடைத்தது கணுக்கால் அளவுச் சேறு. குளிர்பதனப் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. மெத்தை நீரை உறிஞ்சி நான்கு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாத கனத்தில் இருந்தது. பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்கள் கூழாகியிருந்தன. தாமான் ஸ்ரீ மூடாவின் சாலைகளில் வீட்டுக்கு வீடு குவிந்த குப்பை மலைகளை அகற்றப் பல நாள்கள் பிடித்தன. அந்த ஆண்டின் வெள்ளங்களால் நாட்டுக்கு ஏற்பட்ட மொத்த இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று மலேசியப் புள்ளிவிவரத் துறை பின்னர் கணக்கிட்டது. அதில் பாதி சிலாங்கூரில் ஏற்பட்ட இழப்பு. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

வெள்ளம் என்றதும் நம் மக்கள் உடனே செய்வது இரண்டு: சோறு சமைப்பது, வீட்டில் இருக்கும் துணிகளை மூட்டை கட்டுவது. முதலாவது தேவைதான், ஆனால் சில நாள்களுக்கு மட்டும். இரண்டாவது பெரும்பாலும் தேவையே இல்லை. உண்மையில் ஆள் பற்றாக்குறை ஏற்படுவது நீர் வடிந்த மறுநாளிலிருந்து அடுத்த ஒரு மாதம் வரை. அந்த நேரத்தில்தான் கேமராக்கள் கிளம்பிவிடும், தன்னார்வலர்கள் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள், சமையல் பாத்திரங்கள் கழுவி அடுக்கப்பட்டுவிடும்.

வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கிறது. உதவ விரும்பும் குடும்பங்களும் ஆலய நிர்வாகங்களும் இளைஞர் இயக்கங்களும் எதை, எப்போது செய்யலாம் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

நீர் ஏறும் நேரத்தில்

இந்த நேரத்தில் பயிற்சி இல்லாதவர் செய்யக்கூடியது மிகக் குறைவு. கேட்பதற்குக் கசப்பாக இருக்கலாம். ஆனால், ஓடும் வெள்ளம் அரை அடி உயரம் இருந்தாலே வளர்ந்த ஒருவரின் கால்களை வாரிவிடும். ஒரு அடி நீர் சிறிய காரை நகர்த்தும். இரண்டு அடி நீரில் பெரும்பாலான வாகனங்கள் மிதந்துவிடும். நான்கு சக்கர வாகனம் வைத்திருக்கும் நண்பர்கள் ஒன்றுசேர்ந்து மீட்கக் கிளம்பி, கடைசியில் தீயணைப்பு வீரர்கள் அவர்களையே மீட்க வேண்டிய நிலை ஏற்படக்கூடாது. படகு இருந்தாலும் உயிர்காப்பு மேலங்கி இல்லாமல், தீயணைப்பு மீட்புப் படைக்கோ (பொம்பா) பொது தற்காப்புப் படைக்கோ (ஏபிஎம்) தெரிவிக்காமல் இறங்க வேண்டாம்.

வீட்டில் இருந்தபடி செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது: தகவலைச் சரியாகக் கொண்டு சேர்ப்பது. 2021 வெள்ளத்தின்போது டிவிட்டரில் உதவி கேட்ட பதிவுகள் வெள்ளமாகவே வந்தன. அப்படிப்பட்ட பதிவுகளில் சில மணி நேரத்துக்கு முன்பே மீட்கப்பட்டவர்களின் முகவரி மறுநாளும் சுற்றிக்கொண்டிருந்தால் படகு வீண் பயணம் போகும். அந்த நேரத்தில் வேறொரு கூரையில் வேறொரு குடும்பம் காத்திருக்கும். எனவே புலனத்தில் வந்த செய்தியை அப்படியே அடுத்த குழுவுக்குத் தட்டிவிடாமல், முதலில் அந்த எண்ணுக்கு அழைத்துப் பேசுங்கள். முழு முகவரி, எத்தனை பேர், அவர்களில் குழந்தை, முதியவர், நடமாட முடியாதவர், டயாலிசிஸ் செய்பவர் இருக்கிறார்களா, நீர் எந்த அளவு, எத்தனை மணிக்குக் கிடைத்த தகவல் என்பதை எழுதுங்கள். 999க்கு அழைக்கும்போதும் இவை எல்லாம் கேட்கப்படும். அவர்கள் மீட்கப்பட்டதும் 'மீட்கப்பட்டனர்' என்று அதே இடத்தில் பதிவிடுங்கள். கைப்பேசியில் பேட்டரி குறைந்துகொண்டிருக்கும் ஒருவரை ஐம்பது பேர் மாறி மாறி அழைத்து நலம் விசாரிப்பதும் உதவி அல்ல.

துயர் துடைப்பு மையத்தில் சோறும் சாம்பாரும்

தற்காலிகத் துயர் துடைப்பு மையங்களை (பிபிஎஸ்) நடத்துவது சமூக நலத் துறை (ஜேகேஎம்). பள்ளிகளிலும் மண்டபங்களிலும் திறக்கப்படும் இவற்றில் மூன்று வேளை உணவுக்குப் பொதுவாக ஏற்பாடு இருக்கும். பெரிய சாலைக்கு அருகில் இருக்கும் மையத்துக்குப் பத்துக் குழுக்கள் உணவு கொண்டு வருவதும், உள்ளே ஒதுங்கியிருக்கும் மையத்துக்கு ஒன்றும் போகாததும் வழக்கமான கதை. கிளம்புவதற்கு முன் மையப் பொறுப்பாளரைத் தொடர்புகொண்டு 'இன்று எத்தனை பேர், எந்த வேளைக்கு உணவு இல்லை' என்று ஒரு கேள்வி கேட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

ஆயிரம் பேருக்குச் சமைப்பது நம் ஆலயங்களுக்குப் புதிதல்ல. தைப்பூசத்தில் பழகிய கைகள் அவை. இருந்தாலும், அன்னதானத்துக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு: அன்னதானத்தில் சோறு அடுப்பிலிருந்து நேராக இலைக்குப் போகிறது. நிவாரணத்தில் அது பொட்டலமாகி, லோரியில் ஏறி, சாலை மூடப்பட்டதால் சுற்றிப் போய், மூன்று மணி நேரம் கழித்து ஒருவர் கையில் கிடைக்கிறது. சமைத்து நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிடாத உணவு இந்த நாட்டு வெப்பத்தில் ஆபத்தானது. தேங்காய்ப்பால் சேர்த்த குழம்பும் தயிர்ச்சாதமும் இன்னும் சீக்கிரம் கெட்டுவிடும். கழிவறைக்கு வரிசை நிற்கும் மையத்தில் நூறு பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பொட்டலத்தின் மேல் சமைத்த நேரத்தையும் உள்ளே இருப்பதையும் எழுதுங்கள். உலர்ந்த கறி வகைகளைத் தேர்ந்தெடுங்கள். குழம்பைச் சோற்றின்மேல் ஊற்றாமல் தனியாகக் கட்டுங்கள்.

மையத்தில் தங்கியிருப்பவர்கள் பல இனத்தவர். முஸ்லிம்கள் ஹலால் உணவை எதிர்பார்ப்பார்கள். நம்மவர்கள் மாட்டிறைச்சி உண்ணமாட்டார்கள். பௌத்தர்களிலும் இந்துக்களிலும் சைவம் மட்டுமே சாப்பிடுவோர் உண்டு. ஆலயச் சமையலறையிலிருந்து மையத்துக்குச் சமைத்த உணவு அனுப்பும் முன் பொறுப்பாளரிடம் பேசிக்கொள்வது எல்லாருக்கும் தர்மசங்கடத்தைத் தவிர்க்கும். அதைவிட நல்ல வழி, சமைத்த உணவை வேறொரு பக்கம் திருப்புவது: சேறு அள்ளிக்கொண்டிருக்கும் வீடுகளுக்கு. அங்கே அடுப்பு இருக்காது, கேஸ் இருக்காது, பாத்திரம் இருக்காது. வீட்டை விட்டுக் கடைக்குப் போக நேரமும் இருக்காது. மையங்கள் மூடப்பட்ட பிறகு வரும் அந்த மதியச் சாப்பாட்டுக்குத்தான் யாரும் பொறுப்பேற்பதில்லை.

குழந்தைகளுக்கான பால்மாவு பற்றி ஓர் எச்சரிக்கை. அன்பினால் டின் டின்னாக வாங்கி அனுப்புகிறார்கள். ஆனால், பேரிடர்களின்போது பால்மாவைப் பொது நன்கொடையாக வாரி வழங்க வேண்டாம் என்பது உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் நீண்ட காலமாகச் சொல்லிவரும் அறிவுரை. சுத்தமான நீரும் கொதிக்க வைத்த புட்டியும் இல்லாத இடத்தில் அந்தப் பால் நோயைத் தரும். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்த தாயும் பழக்கத்தை விட்டுவிடக்கூடும். ஏற்கெனவே பால்மாவு குடித்துவந்த குழந்தைக்கு, அதே வகையைக் கேட்டறிந்து, மையத்தின் தாதியர் மூலம் கொடுப்பதே முறை.

கேட்க வெட்கப்படும் பொருள்களும் உண்டு. பெண்களுக்கான அணையாடை, உள்ளாடை, முதியவர்களுக்கான பேம்பர்ஸ், மூக்குக் கண்ணாடி, பல் துலக்கி ஆகியவற்றை யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். பெண் தன்னார்வலர் ஒருவர் தனியாக விசாரித்தால் பட்டியல் நீளும்.

பழைய துணி மூட்டைகள்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு தமிழகத்தின் நாகப்பட்டினத்துக்கு இந்தியாவின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் லோரி லோரியாகப் பழைய துணிகள் வந்தன. அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருந்தனர். உயிர் பிழைத்த மீனவக் குடும்பங்கள் அடுத்தவர் உடுத்திக் கழித்த துணியைத் தொட விரும்பவில்லை. எடுத்து வைக்க இடமும் இல்லை, பிரித்து அடுக்க ஆளும் இல்லை. துணிகள் சாலையோரங்களில் மழையிலும் வெயிலிலும் மக்கிக் கிடந்தன. பின்னர் டில்லியைச் சேர்ந்த 'கூஞ்ச்' தொண்டமைப்பு அவற்றை அள்ளிச் சென்று பிரித்துப் பயன்படுத்த வேண்டியிருந்தது.

கடல் கொண்டுபோனது அவர்களின் வீட்டையும் படகையும்தான், தன்மானத்தை அல்ல. இதை நம் மக்கள் உணர்ந்தாலே போதும். மூட்டை கட்டும் முன் கை தயங்கும். 2014 டிசம்பரில் கிளந்தானில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் இடம்பெயர்ந்த 'பா கூனிங்' எனப்படும் மஞ்சள் வெள்ளத்திலும், அதற்குப் பின் வந்த வெள்ளங்களிலும் துணி மூட்டைகளுக்குக் குறைவே இருந்ததில்லை.

மருந்துகளிலும் இதே கதை. 1988இல் ஆர்மீனியாவில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது உலக நாடுகள் 5,000 டன் மருந்துகளை அனுப்பின. அவற்றை அடையாளம் கண்டு பட்டியலிட ஐம்பது பேருக்கு ஆறு மாதம் பிடித்தது. எளிதில் பயன்படுத்தத்தக்கவை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வீட்டு அலமாரியில் பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகளை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

துணி கொடுத்தே தீர வேண்டும் என்றால் புதிதாக வாங்குங்கள்: உள்ளாடை, கைலி, துண்டு, டி-சட்டை, பள்ளிச் சீருடை. அளவை வெளியே எழுதுங்கள். ஒரு பெட்டியில் ஒரே வகைப் பொருள் மட்டும் இருக்கட்டும். அரிசி, சோப்பு, பிஸ்கட், பேம்பர்ஸ் எல்லாம் கலந்த பெட்டியைப் பிரித்து அடுக்கவே மையத்தில் நான்கு பேர் தேவைப்படுவர்.

இன்னொரு வழியும் உண்டு. சேற்றில் நனைந்த துணிகளில் பல துவைத்தால் மீளக்கூடியவை. நாணயம் போட்டு இயக்கும் டோபி கடைகள் இன்று எல்லாத் தாமான்களிலும் இருக்கின்றன. பாதிக்கப்பட்ட ஒரு குடும்பத்தின் துணிகளைக் காரில் ஏற்றிப்போய், முதலில் குழாய் நீரில் சேற்றை அலசி, துவைத்து உலர்த்தி மடித்துக் கொடுக்க நாற்பது ஐம்பது வெள்ளி ஆகலாம். அவர்களுக்குத் திரும்பக் கிடைப்பது அவர்களின் சொந்தத் துணி. அம்மாவின் சேலையும் அதில் இருக்கும்.

பணமாகக் கொடுப்பது

பலருக்கு இதில் தயக்கம் இருக்கிறது. பொருளைக் கொடுத்தால் போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்க்கலாம், பணத்தை என்ன செய்வார்களோ என்ற எண்ணம். ஆனால், ஒரு குடும்பத்துக்குக் கேஸ் அடுப்பு தேவை, இன்னொன்றுக்கு மோட்டார் சைக்கிளைப் பழுதுபார்க்க வேண்டும், மூன்றாவதற்கு வாடகை பாக்கி. இதை வெளியிலிருந்து யாரும் ஊகிக்க முடியாது. பணமாகக் கொடுத்தால் அவர்களே தீர்மானிப்பார்கள். அருகில் உள்ள கடைக்காரர்களும் வெள்ளத்தில் அடிபட்டவர்கள்தான்; அந்தப் பணம் அவர்களிடம் செலவாவதும் நல்லதே. தெரிந்த குடும்பம் என்றால் நேரடியாக அவர்களின் கணக்கில் போடலாம்.

அமைப்பு வழியாகக் கொடுப்பதென்றால், தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனத்தின் (நட்மா) நிவாரண நிதி, மலேசிய செம்பிறைச் சங்கம், மெர்சி மலேசியா போன்றவை நீண்டகாலமாகச் செயல்படுபவை. வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுக்கும் பணத்துக்கு வரிக் கழிவு உண்டு. தனிநபருக்கு அவரது மொத்த வருமானத்தில் பத்து விழுக்காடு வரை. ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

மோசடிக்காரர்கள் வெள்ளத்துக்காகவே காத்திருக்கிறார்கள். அழும் குழந்தையின் படம், கீழே ஒரு தனிநபர் வங்கிக் கணக்கு. இதைப் பார்த்ததும் பணம் அனுப்பாமல், அந்தக் கணக்கு எண்ணைக் காவல் துறையின் 'செமாக் மூல்' இணையத்தளத்தில் தட்டிப் பாருங்கள். புகார் பதிவான கணக்காக இருந்தால் தெரிந்துவிடும். பெயர் அதில் இல்லை என்பதாலேயே அது நல்ல கணக்கு என்று ஆகிவிடாது. திரட்டுபவரை நேரில் அறிந்த ஒருவரையாவது கேளுங்கள். பணத்தை அனுப்பிய பிறகு ஏமாந்தது தெரிந்தால் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணை உடனே அழைக்க வேண்டும். நேரம் கடக்கக் கடக்கப் பணம் கைமாறிவிடும்.

நாமே உண்டியல் ஏந்தித் திரட்டுவதற்கும் விதி உண்டு. வீடுவீடாகவும் தெருவிலும் நிதி வசூலிக்க, 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காவல் துறையின் உரிமம் தேவை. நல்ல நோக்கத்தோடு கிளம்பும் இளைஞர் குழுக்கள் பல இதை அறிவதில்லை. பதிவுபெற்ற இயக்கத்தின் கணக்கில் திரட்டி, வரவு செலவைக் குழுவில் போட்டுவிடுவது பின்னாளில் வரும் மனக்கசப்பைத் தடுக்கும்.

சேறு அள்ளும் நாள்கள்

நீர் வடிந்த இரண்டு மூன்று நாள்களில் சேறு இறுகத் தொடங்கும். ஈரமாக இருக்கும்போது ரப்பர் துடைப்பத்தால் தள்ளக்கூடிய அதே சேறு, காய்ந்தபின் மண்வெட்டியால் கொத்த வேண்டியதாகிவிடும். அறுபது வயதுத் தம்பதி மட்டும் வாழும் வீட்டில், தனித்து வாழும் தாயின் வீட்டில், நோயாளியின் வீட்டில் இதை யார் செய்வது? பத்துப் பேர் கொண்ட ஒரு குழு ஒரு தரை வீட்டை ஒரே நாளில் புழங்கும் நிலைக்குக் கொண்டு வந்துவிடலாம். அதே வேலை வீட்டுக்காரருக்குத் தனியாக ஒரு வாரம். நாள்சம்பளக்காரர் என்றால் அந்த ஒரு வாரமும் சம்பளம் கிடையாது.

குழுவாகப் போகிறவர்கள் கொண்டு போக வேண்டியவை: மண்வாரி, மண்வெட்டி, கைவண்டி, ரப்பர் துடைப்பம், வாளி, கடினமான தூரிகை, தடித்த குப்பைப் பைகள், வாட்டர்ஜெட், அதை இயக்க ஜென்செட். ஜென்செட்டை வீட்டுக்குள் வைத்து இயக்கவே கூடாது; அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையின்றிக் கொல்லும். குடிநீரும் உணவும் தங்களுக்கானதைத் தாங்களே கொண்டு போக வேண்டும். பாதிக்கப்பட்டவரின் வீட்டில் தேநீர் எதிர்பார்த்து நிற்கக்கூடாது.

முழங்கால் வரையிலான ரப்பர் பூட்ஸும் கையுறையும் கட்டாயம். வெள்ள நீரில் எலிகளின் சிறுநீர் கலந்திருக்கும். அதில் உள்ள கிருமி, காலில் இருக்கும் சிறு கீறல் வழியாகவே உடலுக்குள் புகுந்து எலிக்காய்ச்சலை உண்டாக்கும். 'கென்சிங் திகுஸ்' என்று மலாயில் அறியப்படும் இந்நோய் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் வெளிப்படும். சுத்தம் செய்யப் போய் வந்த பின் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு தோன்றினால் மருத்துவரிடம் 'வெள்ளச் சேற்றில் வேலை செய்தேன்' என்பதை முதலில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் மாத்திரையோடு அனுப்பிவிடக்கூடும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலை மின்சாரம். மெயின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்க்காமல் யாரும் ஈரத்தில் கால் வைக்க வேண்டாம். சுவிட்ச் பெட்டிக்குப் போக நீரில் நடக்க வேண்டியிருந்தால் போகவே வேண்டாம், டிஎன்பிக்குத் தெரிவியுங்கள். நீர் ஏறிய பிளக்குகளையும் குளிர்பதனப் பெட்டியையும் வயர்மேன் பார்க்கும் வரை இயக்கக்கூடாது. மூழ்கிய காரையும் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். என்ஜினுக்குள் நீர் இருந்தால் அதோடு முடிந்தது. கைத்தொழில் தெரிந்தவர்கள் இந்த நேரத்தில் பொன் போன்றவர்கள். வயர்மேன், குழாய் பழுதுபார்ப்பவர், மோட்டார் மெக்கானிக், தச்சர் என ஒவ்வொருவரும் தங்கள் தொழிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தாலே ஒரு சாலை முழுவதும் நிமிர்ந்துவிடும்.

இரண்டாவது வேலையைத்தான் பெரும்பாலான குழுக்கள் மறந்துவிடுகின்றன: படம் எடுப்பது. ஆர்வத்தில் எல்லாவற்றையும் வாரி வெளியே போட்டுவிட்டால், நாளை காப்பீட்டு நிறுவனத்திடமோ உதவி அலுவலகத்திலோ காட்ட ஒன்றும் இருக்காது. சுவரில் நீர் நின்ற கோடு, ஒவ்வோர் அறை, ஒவ்வொரு மின்சாதனத்தின் மாடல் எண் என எல்லாவற்றையும் வீட்டுக்காரரின் கைப்பேசியிலேயே படம் எடுத்துவிட்டுப் பிறகு அப்புறப்படுத்துங்கள். கல்யாண ஆல்பம், பூசைப் பொருள்கள், பிள்ளைகளின் பரிசுக் கோப்பை போன்றவற்றை வீட்டுக்காரரைக் கேட்காமல் குப்பையில் சேர்க்கக் கூடாது. நமக்குச் சேறு படிந்த காகிதம், அவர்களுக்கு வேறு. நனைந்த புகைப்படங்களைச் சுத்தமான நீரில் மெதுவாக அலசி, நிழலில் ஒவ்வொன்றாகப் பரப்பினால் பல பிழைக்கும்.

சேறு போன பிறகு சுவரையும் தரையையும் சோப்பு நீரால் கழுவி, அதன்பின் குளோராக்ஸ் கலந்த நீரால் துடைக்கலாம். ஒரு பெரிய வாளிக்கு, அதாவது ஏறக்குறைய 20 லிட்டருக்கு, ஒரு குவளை போதும். கழிவறை கழுவும் அமிலத்தோடு அதைக் கலந்தால் நச்சு வாயு வெளிப்படும். கதவு சன்னல்களைத் திறந்து வைத்தே செய்யுங்கள்.

இந்த வேலையில் உறுத்தும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நம் சமூக நிகழ்வுகளில் மாதிரிக் காசோலையும் குழுப்படமும் இல்லாமல் எந்த உதவியும் நிறைவு பெறுவதில்லை. கொடுத்தவருக்குக் கணக்குக் காட்ட ஒரு படம் தேவைப்படலாம். அதற்கு அரிசி மூட்டைகளைப் படம் எடுத்தால் போதும். சேற்றில் நிற்கும் ஒரு தாயைப் பத்துப் பேருக்கு நடுவே நிறுத்திச் சிரிக்கச் சொல்ல வேண்டியதில்லை.

படிவங்களும் பதிவுகளும்

சேறு அள்ளும் உடல்வலு இல்லாதவர்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான். 2021 வெள்ளத்தின்போது பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத் தலைவருக்கும் 1,000 ரிங்கிட் கருணை நிதி அறிவிக்கப்பட்டது. துயர் துடைப்பு மையத்தில் பதிவான பெயர் இத்தகைய உதவிக்கு முக்கிய அடிப்படை. மாடியிலேயே தங்கிவிட்டவர்களும் உறவினர் வீட்டுக்குப் போனவர்களும் இங்கேதான் விடுபடுகிறார்கள். அவர்கள் மாவட்ட அலுவலகத்தையோ கிராமத் தலைவரையோ அணுகித் தங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்ல வேண்டும். சிலாங்கூரில் இந்திய சமூகத் தலைவர்களும் இருக்கிறார்கள். வாடகை வீட்டில் இருப்போர், வீட்டுக்காரருக்குத்தான் உதவி என்று தவறாக எண்ணி ஒதுங்கிவிடுவதும் உண்டு.

அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் தொலைந்திருந்தால் தேசியப் பதிவுத் துறையில் (ஜேபிஎன்) மாற்று ஆவணம் பெற வேண்டும். இயற்கைப் பேரிடரில் பாதிக்கப்பட்டோருக்குக் கட்டண விலக்கு அளிப்பது அத்துறையின் வழக்கம். அதற்குப் போலீஸ் புகார் தேவைப்படும். மலாய் மொழியில் படிவம் நிரப்பத் தடுமாறும் முதியவர்களும், இணையத்தில் விண்ணப்பிக்கத் தெரியாதவர்களும் நம் சமூகத்தில் இன்னும் நிறைய. மடிக்கணினியும் அச்சுப்பொறியும் வைத்திருக்கும் கல்லூரி மாணவர்கள் மூன்று பேர் ஆலய மண்டபத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தாலே போதும். எந்த அலுவலகத்தில், யாரிடம், என்றைக்குக் கொடுத்தோம் என்பதை ஒரு தாளில் எழுதி அவர்கள் கையில் கொடுத்தனுப்புங்கள். பணம் வரவில்லை என்று இரண்டு மாதம் கழித்துக் கேட்கப் போகும்போது அந்தத் தாள்தான் பேசும்.

வாகனக் காப்பீட்டிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. இந்நாட்டில் முழுக் காப்பீடு எடுத்திருந்தாலும் வெள்ளச் சேதத்துக்கான கூடுதல் பாதுகாப்பைச் சேர்க்காதவருக்கு இழப்பீடு கிடைக்காது. பலருக்கு இது தெரிய வருவது கார் மூழ்கிய பிறகே. இதை உங்கள் குடும்பத்தில் இன்றே சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதலாளிகளுக்கும் ஒரு பங்கு உண்டு. அரசு ஊழியர்களுக்குப் பேரிடரின்போது விடுப்பு வசதி இருக்கிறது. தனியார் துறையில் அது பெரும்பாலும் முதலாளியின் மனத்தைப் பொறுத்தது. பாதிக்கப்பட்ட தொழிலாளிக்குச் சம்பளத்தோடு ஐந்து நாள் விடுப்பும் ஒரு மாதச் சம்பள முன்பணமும் கொடுப்பது, எந்த உணவுக்கூடையையும்விடப் பெரிது.

ஒரு மாதம் கழித்து

பிள்ளைகள் மழை பெய்தாலே அழத் தொடங்குவார்கள். பெரியவர்கள் இரவில் எழுந்து வாசலில் நீர் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். இது இயல்பு, பலருக்கு நாளடைவில் தணியும். 'உயிர் பிழைத்ததே பெரிது, மற்றதை மறந்துவிடுங்கள்' என்று ஆறுதல் சொல்வதைவிட, அவர்கள் அதே கதையைப் பத்தாவது முறை சொல்லும்போதும் கேட்டுக்கொண்டிருப்பது பயன் தரும். தூக்கமே இல்லை, வேலைக்குப் போக மனமில்லை, வாழ்வதில் பயனில்லை என்ற பேச்சு எழுந்தால் 15555 எண்ணில் சுகாதார அமைச்சின் 'ஹீல்' சேவையை அழைத்துக் கொடுங்கள். குடும்ப வன்முறை, கைவிடப்பட்ட முதியோர் போன்றவற்றுக்கு 15999, தாலியான் காசே.

இரத்த தானமும் அப்படித்தான். செய்தி வந்த அன்று வரிசை நீளும். சிவப்பணுக்களை ஏறக்குறைய ஐந்தாறு வாரங்கள்தான் சேமித்து வைக்க முடியும். தட்டணுக்களை ஐந்து நாள்கள். இரத்த வங்கிக்குத் தேவை, எந்தச் செய்தியும் இல்லாத மாதங்களிலும் வந்து படுப்பவர்கள்.

அடுத்த பருவமழைக்கு முன், ஆலயமோ இயக்கமோ தன் கொட்டகையில் பத்து மண்வாரி, பத்து ஜோடி பூட்ஸ், ஒரு வாட்டர்ஜெட் வாங்கி வைக்கலாம். அக்கம் பக்கத்தில் தனியாக வாழும் முதியோர், படுக்கையில் இருப்போர் யார் யார், அவர்களைத் தூக்கிச் செல்ல எந்த வீட்டில் வேன் இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதி வைக்கலாம். ஆற்று நீர்மட்டத்தை நீர்ப்பாசன வடிகால் துறையின் 'இன்ஃபோபஞ்சிர்' தளத்திலும், மழை எச்சரிக்கையை மெட்மலேசியாவின் 'மைசுவாச்சா' செயலியிலும் பார்க்கலாம். நீர் ஏறுவதற்கு மூன்று மணி நேரம் முன்பு பக்கத்து வீட்டுப் பாட்டியின் கதவைத் தட்டி, அவரின் மாத்திரைப் பையையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏற்றிவிட்டால், அவருக்காகப் படகு தேட வேண்டியிருக்காது.